தம்பியின் முழங்கால், அம்மாவின் கழுத்து

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 22 வயது, கபடி ஆடுகிறவன். மூன்று மாதத்துக்கு முன்னால் ரெய்டு போய்த் திரும்பும்போது முழங்கால் திருகிக்கொண்டது. மாமா சொன்னார் என்று நாட்டுக்கட்டு போட்டீர்கள். வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் படியிறங்கும்போது கால் நழுவுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) நன்றாக இருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். பக்கத்து ஊரில் பதினைந்து நாள் காலில் கரண்ட் சிகிச்சை வைத்தும் பலனில்லை. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ‘முழு உடம்பையும் பார்த்துத்தான் சிகிச்சை’ என்று சொல்லித் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார். முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம், இது காசு பிடுங்குகிற வேலையா, பொங்கலுக்குள் தம்பி ஆட முடியுமா, பீடி சுற்றும் அம்மாவின் கழுத்துவலியையும் அங்கேயே காட்டலாமா? இவ்வளவுதானே.

பொங்கல் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. இந்தப் பொங்கலுக்கு ஆடக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்விகளை வைத்து அவரைச் சந்தேகப்படாதீர்கள். நானும் இதே தொழிலில் இருப்பவன்தான், கேட்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆனால் ‘முழு உடம்பு’ என்று போர்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ரகமும் இல்லை. கேட்டதை வைத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி முப்பது நாள் பேக்கேஜ், கரண்ட், மெழுகு, கப்பிங் (தோலில் கிண்ணம் ஒட்டி உறிஞ்சுவது) என்று எழுதிக் கொடுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேட்ட பதிலுக்குத் தக்கபடி உடற்பயிற்சியை மாற்றுகிறார், வாராவாரம் டேப் வைத்து அளக்கிறார், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தம்பியையே செய்ய வைத்துக் காட்டச் சொல்கிறார் என்றால் அவரை விடாதீர்கள்.

நான் சந்திக்கிற காயங்களில் பெரும்பாலானவை ஆறாமல் இழுப்பதற்குக் காரணம் மூட்டுக்குள் இருப்பதில்லை. அந்த ஆள் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. சிகிச்சை மேசையில் அவர் இருப்பது முக்கால் மணி நேரம், மீதி இருபத்துமூன்று மணி நேரத்துக்கும் மேல் வெளியில்தான். உங்கள் கேள்வியில் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்றே இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற வேலையா, எந்தக் காலால் கிக்கர் உதைக்கிறான்? வயல் வேலை உண்டா? நடவு வயல் சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி எடுக்கும்போது முழங்காலில் விழுகிற திருகல் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் எந்த மாதிரி கழிப்பறை? இதெல்லாம் தெரியாமல் ‘காலுக்கு ரெஸ்ட் கொடுங்க’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

சரி, ஜவ்வுக்கு வருவோம். ஏ.சி.எல். என்பது முழங்காலுக்கு உள்ளே தொடையெலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்திருக்கும் ஒரு நார். கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், உடம்பு திரும்பும்போது மூட்டு திருகாமலும் காப்பது அதன் வேலை. ரெய்டு போனவன் கோட்டைத் தொட ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்பும்போது யாரும் மேலே விழாமலேயே இது அறுந்துவிடும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள், சில மணி நேரத்தில் முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிடும். இந்த நார் மூட்டு நீருக்குள் இருப்பதால் வெளியில் இருக்கும் ஜவ்வுகளைப் போல எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. சிலருக்குச் சேர்ந்தது போல ஸ்கேனில் தெரிவதும் உண்டு. ஆனால் மூன்று மாதம் கழித்தும் படியிறங்கும்போது கால் நழுவுகிறது என்றால் உங்கள் தம்பி அந்தக் கணக்கில் வரமாட்டான்.

இங்கே நாட்டுக்கட்டு செய்த கெடுதல் வேறு. மூட்டு வீங்கியிருக்கும்போது முன்தொடைத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளையை உடம்பே குறைத்துவிடும். அதற்குமேல் வாரக்கணக்கில் அசையாமல் கட்டியும் வைத்தால் தொடை சூம்பிப்போகும். வேண்டுமானால் நீங்களே பாருங்கள். தம்பியைக் காலை நீட்டி உட்காரச் சொல்லி, முழங்கால் சிப்பியின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, தையல் டேப்பால் இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் வந்தால் ஆச்சரியமில்லை. கால் நழுவுவதற்கு அறுந்த ஜவ்வு ஒரு காரணம் என்றால், மூட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசை தூங்கிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை நாம் சரிசெய்ய முடியும்.

பதினைந்து நாள் கரண்ட் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. வலிக்கு வைக்கிற கரண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு வலியை மட்டுப்படுத்தும், தசையை வளர்க்காது. தொடைத் தசையையே துடிக்கவைத்துச் சுருக்குகிற கரண்ட் ஒன்று இருக்கிறது. அது ஆரம்ப வாரங்களில், முக்கியமாக ஆபரேஷனுக்குப் பின்னால் உண்மையாகவே உதவும், அதுவும் தசையை இறுக்கும் பயிற்சியோடு சேர்த்துச் செய்தால்தான். உங்கள் தம்பிக்கு வைத்தபோது தொடை துடித்ததா, வெறும் சுருசுருப்புதானா என்று கேளுங்கள்.

முதல் பயிற்சி பார்க்க ரொம்பச் சின்னது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டைத் தரையோடு நசுக்க வேண்டும். ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். சரியாகச் செய்தால் சிப்பி தொடைப்பக்கமாக மேலே ஏறும், முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கத்தில் ஒரு தசைத் திரட்சி கல் மாதிரி இறுகும். அங்கே இரண்டு விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். முக்கால்வாசிப் பேர் அதைச் செய்யாமல் இடுப்பைத் தூக்கி ஏமாற்றுவார்கள், வேண்டுமென்று அல்ல, அந்தத் தசையைக் கூப்பிடவே அவர்களுக்குத் தெரியாது. அப்போது நல்ல காலில் முதலில் செய்யச் சொல்வேன். ‘ஓ, இதுவா சார்’ என்று அடுத்த நிமிடமே பிடித்துக்கொள்வார்கள். முழங்கால் முழுதாக நீளுவதும் இதோடு சேர்ந்தது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் கை நுழைகிற இடைவெளி இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆபரேஷனா, வெறும் பயிற்சியா? ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்து 2010ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னால் ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டாவது பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனே தேவைப்படவில்லை. இதனால் ஆபரேஷன் வீண் என்று ஆகிவிடாது. ‘உடனே செய்யாவிட்டால் கால் போய்விடும்’ என்று அவசரப்பட வேண்டாம் என்பதுதான் எனக்குத் தெரிகிற சேதி. திரும்பித் திரும்பி வெட்டி ஓடுகிற கபடிக்கே திரும்ப வேண்டும், படியில்கூடக் கால் நழுவுகிறது என்றால் கடைசியில் ஆபரேஷன் பக்கம்தான் சாயும் என்பது என் கணிப்பு. ஆனாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு எலும்பு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். வீக்கமில்லாமல், முழுதாக நீளுகிற, பலமான காலோடு மேசையில் ஏறுபவர்கள் ஆபரேஷனுக்குப் பின்னால் சீக்கிரம் தேறுகிறார்கள். அதுவரை ‘சும்மா ஒரு ரெய்டு’ கூடாது. ஒவ்வொரு முறை கால் நழுவும்போதும் இப்போது நன்றாக இருக்கிற மெனிஸ்கஸ் நசுங்கிக் கிழிய வாய்ப்பு உண்டு. மூட்டு நடுவில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

ஆபரேஷன் செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். 2016ல் வந்த நார்வே ஆய்வொன்றில், ஒன்பது மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. நாள் மட்டும் போதாது, பலமும் வர வேண்டும். அடிபட்ட காலின் தொடைப் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவிக் குதிக்கிற தூரமும் அப்படியே. மெஷின் இல்லாத இடத்தில் நான் ஒரு படியை வைத்தே பார்ப்பேன். அடிபட்ட காலைப் படியில் ஊன்றி, மற்றக் காலின் குதிகால் கீழே மெல்லத் தொடும்வரை இறங்கி ஏற வேண்டும். முழங்கால் உள்பக்கம் மடிந்து விழுகிறதா, இடுப்பு சாய்கிறதா, மூச்சைப் பிடித்துக்கொள்கிறானா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது தூக்கம். நம் ஊர்ப் பக்கம் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடக்கிற மின்னொளி கபடியை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு டீம் பேர் கொடுத்து, முதல் மேட்ச் பத்து மணிக்கு, அடுத்தது ராத்திரி இரண்டரைக்கு. நடுவில் பரோட்டாவும் சால்னாவும், பிறகு வேன் சீட்டில் சுருண்டு அரைத்தூக்கம். மைக்கில் டீம் பேரைக் கூப்பிட்டதும் விறைத்துப்போன உடம்போடு, ஒரு ரவுண்டுகூட ஓடாமல் நேராகக் களத்துக்குள் இறங்குவது. அந்த நேரத்தில் காலை ஊன்றித் திரும்பினால் தசை ஒரு கணம் தாமதமாகத்தான் மூட்டைப் பிடிக்கும். பள்ளி வயது விளையாட்டு வீரர்களிடம் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு மற்றவர்களைவிட 1.7 மடங்கு அதிகமாக அடிபட்டிருந்தது. காயம் ஆறுவதற்கும் தூக்கம் வேண்டும், வலியைத் தாங்குவதற்கும் வேண்டும். ராத்திரி ஒரு மணிவரை போன் பார்க்கிற பையனிடம் நான் எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் பாதிதான் தங்கும். அதனால்தான் அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்.

சாப்பாட்டில் புரதம்தான் பேச்சு. தசையைத் திரும்ப வளர்க்கிற காலத்தில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில் வேண்டும். தம்பி 60 கிலோ என்றால் நாளுக்கு 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். 100 கிராம் மீனில் 20 கிராம் பக்கம் வரும், வேர்க்கடலை 100 கிராமில் 25. மூன்று வேளையும் இட்லி, சோறு, ரசம் என்றால் இதில் பாதியைக்கூடத் தொட முடியாது. பவுடர் டப்பா வாங்கச் சொல்லவில்லை. அடிபட்டவனுக்கு ஆச்சிமார் உளுந்தம்பருப்புச் சோறும் உளுந்தங்களியும் கொடுப்பதில் விஷயம் இருக்கிறது, உளுந்தில் கால்வாசி புரதம். ஆனால் களியைத் தின்றுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தால் அது தொடைக்குப் போகாது. வேலை கொடுக்கிற தசைக்குத்தான் போகும்.

உடற்தகுதி என்பது காயம் ஆறிய பிறகு தொடங்குகிற தனிக்கணக்கு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு முழங்கால்தான் பழுது. நெஞ்சும் கையும் இடுப்பும் இன்னொரு காலும் நன்றாகத்தானே இருக்கின்றன? தண்டால், புல்-அப்ஸ், நல்ல காலில் உட்கார்ந்தெழுவது எல்லாம் இன்றைக்கே தொடங்கலாம். நல்ல காலுக்குக் கொடுக்கும் பயிற்சியில் ஒரு பங்கு நரம்பு வழியாக அடிபட்ட காலின் பலத்தையும் காக்கிறது. முழங்கால் மடங்கத் தொடங்கியதும் நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிக்கலாம். உங்களுக்கு ஆறு பக்கத்தில் இருக்கிறதே, தாமிரபரணியில் இழுப்பில்லாத, மணல்பாங்கான இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தால் உடம்பு எடையில் ஏறக்குறையப் பாதிதான் காலில் விழும். வழுக்குப் பாறையும் ஆழமும் உள்ள இடம் வேண்டாம், தனியாகப் போக வேண்டாம், ஆபரேஷன் புண் முழுதாக ஆறும்வரை வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வலிக்கலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். பத்துக்கு மூன்று, நான்குவரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. முழங்காலில் வலியைவிட வீக்கம்தான் உண்மை பேசும். நேற்று செய்த பயிற்சிக்கு இன்று சிப்பியைச் சுற்றி உப்பினால் பாதியாகக் குறைக்க வேண்டும். பயத்தையும் விட்டுவிடாதீர்கள். ‘ஏலே, பாத்துலே, காலு போயிரும்’ என்று வீட்டில் நாளைக்குப் பத்து முறை சொன்னால், ஜவ்வு சரியான பிறகும் அவன் அந்தக் காலை நம்பி ஊன்ற மாட்டான். அதற்காக அவனைக் களத்து ஓரத்திலிருந்து துரத்தவும் வேண்டாம். ஸ்கோர் எழுதட்டும், சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

அம்மா விஷயம். தாராளமாக அங்கேயே காட்டலாம், ஆனால் அம்மா தனியாகப் போய்ப் பேசட்டும். அவர்கள் உட்கார்ந்து பீடி சுற்றுவதை ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், எக்ஸ்ரேயைவிட அது பயன்படும். தட்டு மடியில், கண் விரலில், கழுத்து மணிக்கணக்கில் ஒரே குனிவில். ஆயிரம் பீடிக் கணக்கு முடிய வேண்டும் என்பதால் எழுந்திருக்க மனசு வராது. ‘வேலையை விடுங்கம்மா’ என்று சொல்கிற டாக்டருக்கு அந்த வீட்டு வரவுசெலவு தெரியாது. தட்டுக்கு அடியில் கனமான தலையணையோ சின்னப் பலகையோ வைத்து அதை நான்கு விரல் உயர்த்துங்கள். முதுகைச் சுவரில் சாய்க்கட்டும், பிட்டத்துக்கு அடியில் மடித்த போர்வை. ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துத் தோளைப் பின்னால் இழுத்து, தாடையை உள்ளே தள்ளிப் பத்து எண்ணட்டும். இலை வெட்டுவதையும் சுற்றுவதையும் ஒரே மூச்சில் முடிக்காமல் மாற்றி மாற்றிச் செய்யட்டும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் தோளுக்கும் முதுகுக்கும் பலப்பயிற்சி. இதைச் சொன்னால் ‘குடத்தைத் தூக்குறது போதாதா’ என்பார்கள். போதாது, ஒரே பக்க இடுப்பில்தானே தூக்குகிறார்கள்.

ஸ்கேனில் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்று வந்தால் பதறாதீர்கள். ஜப்பானில் கழுத்துவலி முதலிய தொந்தரவு எதுவுமே இல்லாத 1,211 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. கவனிக்க வேண்டியது வேறு: கை பலமிழந்து பிடித்த பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது. இவை இருந்தால் பிசியோவிடம் அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு. ராத்திரியில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போனால் கோளாறு கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டிலும் இருக்கலாம். சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் சாதாரணம்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். எண்ணெய் தடவுவது பழைய வலிக்கு இதம்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை. புதுசாக வீங்கின மூட்டை உருவித் தேய்ப்பதும், எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டுவதும்தான் ஆபத்து. கட்டுக்குக் கீழே விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். ஐஸும் அப்படியொன்றும் மந்திரமில்லை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978ல் பரப்பிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே பின்னாளில் ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். முதல் ஓரிரு நாள் வலிக்கு வைக்கலாம், அவ்வளவுதான். குற்றால அருவியில் முதுகைக் காட்டினால் டிஸ்க் உள்ளே போய்விடும் என்பதும் கதை. நன்றாக இருக்கிறவர்களுக்குச் சுகம், காலுக்கு நரம்பு இழுக்கிறவர்கள் தள்ளி நின்று குளிக்கலாம்.

செலவு. தினமும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் அளவெடுத்து அடுத்த பயிற்சி வாங்கி வந்தால் போதும், மீதி வீட்டில். ‘தினமும் வந்தால்தான் குணமாகும்’ என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் தம்பிக்கு அது பொருந்தாது, ஆனால் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் யாராவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் போகும்போது எம்.ஆர்.ஐ. சிடியும் ரிப்போர்ட்டும், அடிபட்ட தேதி, எத்தனை நாள் கட்டு இருந்தது என்ற கணக்கு, தம்பியின் ஒரு நாள் வேலை விவரம் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். அரைக்கால் டவுசர் போட்டு அனுப்புங்கள். ஜீன்ஸ் போட்டு வந்தால் தொடையை அளக்க முடியாது.